இரண்டு வீடுகளும் ஒரு வில்லங்கச் சான்றிதழும்

"நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார் போலிருக்கிறது, மாப்பிள்ளை" என்றார் மாமா. அலபாமா மாநிலத்தின் தலைநகரான மாண்ட்கோமரியில் ஒரு வெள்ளை மர வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தோம். அவர் குறிப்பிட்டது ஜெஃபர்சன் டேவிஸை. அடிமை முறைக்கு ஆபத்து வந்துவிடும் என்று அஞ்சி அமெரிக்காவை விட்டுப் பிரிந்த தென்மாநிலங்களின் கூட்டமைப்புக்கு முதலும் கடைசியுமான ஜனாதிபதி. மாமா விவரம் தெரியாமல் பேசுகிறவர் அல்லர். சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிச் சாட்சிக் கையெழுத்தைப் பார்ப்பவர். நாகர்கோவிலிலிருந்து எங்களோடு சில மாதங்கள் இருக்க வந்திருந்தார். அட்லாண்டாவிலிருந்து இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிற ஊர் என்பதால் கூட்டிக்கொண்டு போனேன். அவரோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. மாமனார் என்ற மரியாதை ஒரு காரணம். இன்னொன்று, அந்த வீட்டை விட்டு வெளியே வரும்போது எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தோன்றியிருந்தது. அந்தத் தோன்றல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

அந்த வீட்டுக்குக் கூட்டமைப்பின் முதல் வெள்ளை மாளிகை என்று பெயர். 1861ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் டேவிஸ் குடும்பம் சில மாதங்கள் அங்கே குடியிருந்தது. மே மாதக் கடைசியில் கூட்டமைப்பு தன் தலைநகரை விர்ஜீனியாவின் ரிச்மண்டுக்கு மாற்றிக்கொண்டது. வீடு முதலில் இருந்தது ஊரின் வேறொரு பகுதியில். 1921இல் அதைப் பெயர்த்தெடுத்து வந்து மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் எதிரே நிறுத்தியிருக்கிறார்கள். அனுமதி இலவசம். உள்ளே கட்டில், நாற்காலி, மேஜை, கண்ணாடி, குடும்பத்தார் பயன்படுத்திய சின்னச் சின்னப் பொருள்கள். அவருக்குக் குழந்தைகள் பிறந்தன, சில இறந்தன. ரிச்மண்டில் அவருடைய மகன் ஒருவன் மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனான். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனை யாரால் வெறுக்க முடியும்? வீடு என்பதற்கே அந்தக் குணம் உண்டு. படுத்த கட்டிலையும் சாப்பிட்ட தட்டையும் பார்த்துவிட்டால் எவரும் நம்மைப் போன்ற ஒருவர் ஆகிவிடுகிறார். மிஸிஸிப்பியில் அவருக்கு ஒரு பருத்தித் தோட்டம் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் அங்கே அவருடைய சொத்தாக இருந்தார்கள். அவர்கள் படுத்த கட்டில் எதுவும் எந்த அருங்காட்சியகத்துக்கும் வந்து சேரவில்லை.

பத்து நிமிடத் தெரு

மாண்ட்கோமரி பெரிய ஊர் அல்ல. இரண்டு லட்சம் பேர். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஊர்நடுவே நின்றால் விளக்குகள் பச்சையும் சிவப்புமாக யாருக்காக மாறுகின்றன என்று கேட்கத் தோன்றும். பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆற்றங்கரையிலிருந்து காமர்ஸ் தெரு வழியாக மேலே வந்தால் ஒரு நீரூற்று. அங்கிருந்து டெக்ஸ்டர் அவென்யூ நேராகச் சட்டமன்றக் குன்றுக்கு ஏறுகிறது. நடந்தால் பத்து நிமிடம்.

நீராவிப் படகில் வந்திறங்கிய அடிமைகளை நடத்திக் கூட்டிவந்து விற்ற சந்தை அந்த நீரூற்றுச் சதுக்கத்தில்தான் இருந்தது. சதுக்கத்தை ஒட்டிய விண்டர் கட்டடத்திலிருந்துதான், தெற்கு கரோலினாவில் அமெரிக்கப் படையின் கையில் இருந்த சம்டர் கோட்டையைத் தாக்க வழிவிட்ட தந்தி 1861 ஏப்ரலில் போனது. உள்நாட்டுப் போர் தொடங்கியது. வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ், 1955 டிசம்பர் 1 அன்று வேலை முடிந்து அந்த பஸ்ஸில் ஏறியதும் இந்தச் சதுக்கத்தில்தான். இப்போது அவருடைய சிலை அங்கே நிற்கிறது. தெருவின் மறுமுனையில், சட்டமன்றத்தின் முகப்பில், டேவிஸ் பதவியேற்றபோது நின்ற இடத்தில் ஒரு பித்தளை நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். 1963 ஜனவரியில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் பதவியேற்றபோது டேவிஸ் நின்ற இடத்தைப் பெருமையோடு சுட்டிக்காட்டிவிட்டு, இன ஒதுக்கல் என்றென்றைக்கும் இருக்கும் என்று முழங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1965 மார்ச் 25 அன்று, கறுப்பர்களுக்கு வாக்குரிமை கேட்டு செல்மா என்ற ஊரிலிருந்து நடந்தே வந்த ஊர்வலம் இதே தெருவில் ஏறியது. சுமார் 25,000 பேர். மார்ட்டின் லூதர் கிங்கைப் படிகளில் ஏற விடவில்லை. கீழே தெருவில் நிறுத்திய ஒரு லாரியின் மேல் நின்று பேசினார்.

அவர் 1954 முதல் 1960 வரை போதகராக இருந்த செங்கல் தேவாலயம் அந்த இடத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நட்சத்திரத்தின் மேல் நின்றால் தேவாலயம் தெரியும். இந்த அருகாமையைக் காட்டி வியக்காத பயணி இல்லை. நானும் முன்பு நண்பர்களைக் கூட்டிவந்தபோது வியந்து காட்டியவன்தான். இப்போது எனக்கு அதில் ஒரு சலிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் வரலாறு தானே பேசிக்கொள்ளும் என்று இந்த ஊர் நம்புகிறது. பேசுவதில்லை. வேண்டியவர்கள் வேண்டிய கதவைத் தட்டுகிறார்கள், மற்றதைக் கடந்து போகிறார்கள். ஜனவரியில் கிங்குக்கு நாடெங்கும் விடுமுறை. அலபாமாவில் அதே நாள் கூட்டமைப்பின் தளபதி ராபர்ட் லீக்கும் அதிகாரபூர்வ விடுமுறை. யாருக்காக விடுப்பு எடுக்கிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். சுற்றுலாக் கையேடும் அப்படித்தான் இருக்கிறது. நாட்டுப்புறப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் அருங்காட்சியகம், எழுத்தாளர் செல்டா ஃபிட்ஸ்ஜெரால்ட் வாழ்ந்த வீடு, டேவிஸின் வீடு, கிங்கின் வீடு, எல்லாம் ஒரே அளவு எழுத்தில். (ஹேங்க் வில்லியம்ஸின் நீல நிற கெடிலாக் கார் மாமாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. அதைச் சொல்லாமல் விட்டால் வருத்தப்படுவார்.)

ஜாக்சன் தெருவில் ஒரு சமையலறை

கிங் குடியிருந்த போதகர் இல்லம் தெற்கு ஜாக்சன் தெருவில் இருக்கிறது. சின்ன மர வீடு, முன்னால் திண்ணை போன்ற நீளமான வராந்தா. இதுவும் வீட்டு அருங்காட்சியகம்தான். கட்டில், சோபா, புத்தக அலமாரி, பழைய காலத்துத் தொலைபேசி. ரோசா பார்க்ஸின் கைதை எதிர்த்துக் கறுப்பர்கள் பஸ் புறக்கணிப்பைத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு ஜனவரி இரவில், மிரட்டல் அழைப்பு வந்து தூக்கம் கலைந்து, காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இனித் தன்னால் முடியாது என்று கிங் ஜெபம் செய்தது அந்த வீட்டின் சமையலறையில். அப்போது அவருக்கு வயது 27. சமையலறை வாசலில் நின்றபோது என் தொண்டை அடைத்தது. ஆனால் மாமாவின் பேச்சு காதில் விழுந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அங்கே ஒரு கட்டில், இங்கே ஒரு மேஜை. அங்கே செத்துப்போன மகன், இங்கே கைக்குழந்தை. அதே உத்திதான் இரண்டு வீட்டிலும் வேலை செய்கிறது என்றால், இந்தத் தொண்டை அடைப்புக்கு மட்டும் என்ன மதிப்பு? பிடித்தவருடைய நாற்காலி என்பதால் உருகுகிறேன், அவ்வளவுதானா?

இதை வெகுநேரம் மனதில் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வித்தியாசம் பிடிபட்டது. டேவிஸின் வீட்டுக்குள் வெளியுலகம் எதுவும் நுழைவதில்லை. திரைச்சீலைகள் அப்படியே தொங்குகின்றன. கிங்கின் வீட்டுக்குள் வெளியுலகம் நுழைந்துகொண்டே இருந்தது. முதலில் தொலைபேசி வழியாக. பிறகு 1956 ஜனவரி 30 இரவு, வராந்தாவில் விழுந்த குண்டாக. கிங் அப்போது கூட்டத்தில் இருந்தார். மனைவி கொரெட்டாவும் இரண்டரை மாதக் குழந்தை யோலாண்டாவும் வீட்டுக்குள் இருந்தார்கள். யாருக்கும் காயமில்லை. கோபத்தோடு திரண்டுவிட்ட கூட்டத்தை, உடைந்த அந்த வராந்தாவில் நின்றுகொண்டே கிங் அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். குண்டு விழுந்த தடத்தை இன்றும் காட்டுகிறார்கள். இந்த வித்தியாசம் எனக்கு ஓரளவு ஆறுதல் தந்தது, ஆனால் முழுதாக ஒப்பவில்லை. வடு இருக்கிற வீடு உண்மையைச் சொல்லும், வடு இல்லாத வீடு பொய் சொல்லும் என்று சொல்லிவிட முடியுமா? டேவிஸின் வீட்டில் பொய்யான பொருள் ஒன்றுகூட இல்லை.

மாமா அங்கே வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் குடியிருந்த காலத்தில்தான், 1959இல், கிங் இந்தியா வந்தார் என்று சொன்னேன். அந்தப் பிப்ரவரியில் கணவனும் மனைவியும் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து கன்னியாகுமரிக்கும் போனார்கள். சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதை அங்கே பார்த்ததைப் பின்னால் பிரசங்கத்தில் சொன்னார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர்கள் படித்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று கிங்கை அறிமுகம் செய்தார். முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு யோசித்துப் பார்த்து, ஆம், நானும் அதுதான், என் நாட்டுக் கறுப்பர் ஒவ்வொருவரும் அதுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டதாகவும் 1965இல் ஒரு பிரசங்கத்தில் கிங் சொன்னார். மாமா அப்போது பள்ளிச் சிறுவன், கன்னியாகுமரியிலிருந்து பன்னிரண்டு மைலில். "எங்கள் ஊர்ப் பக்கம் வந்து போனது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன, தலைமையாசிரியர் சொன்னதுபோலச் சொல்ல எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை" என்றார்.

காகிதம் படிக்கத் தெரிந்தவர்

மறுநாள் லெகசி அருங்காட்சியகம். ஐந்து டாலர் டிக்கெட். பழைய பருத்திக் கிடங்கு இருந்த மண்ணில் கட்டியது. பிரையன் ஸ்டீவன்சன் என்ற வழக்கறிஞர் 1989இல் தொடங்கிய சம நீதி முன்னெடுப்பு என்ற அமைப்பு நடத்துகிறது. மாநிலமோ நகராட்சியோ கட்டியதல்ல. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே அடிமை விற்பனை விளம்பரங்களும் ஆவணங்களும் இருக்கிற பகுதியில் மாமா நின்றுவிட்டார். எனக்கு அவை நெஞ்சை அடைக்கிற காட்சிப் பொருள்கள். அவருக்கு அவை பத்திரங்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டே குனிந்து, வரி வரியாகப் படித்தார். அவருக்கு ஆங்கிலம் பேச வராது என்று நாங்கள் கேலி செய்வோம். ஆனால் முப்பது வருடம் ஆவணம் படித்த கண். விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், தொகை, தேதி. சொத்து விவரம் வர வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் பெயர், வயது, என்ன வேலை தெரியும் என்பது. "விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும்தான் முழுப் பெயர். இந்த அம்மாவுக்குத் தகப்பன் பெயரும் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை" என்றார். அமெரிக்க அடிமை விற்பனைச் சீட்டுகளில் வழக்கமாக வருகிற வாசகங்கள் சிலவற்றை அவருக்கு விளக்கினேன். இந்த ஆள் உடலாலும் மனதாலும் குறையில்லாதவர், ஆயுளுக்கும் அடிமை, உரிமையில் யாருக்கும் தகராறு இல்லை, வாங்குபவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் உரியது, பெண்ணாக இருந்தால் இனி அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைகளும் சேர்த்து.

மாமா நிமிராமலே முணுமுணுத்தார்: "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை." அவர் கையெழுத்துப் போட்ட கிரயப் பத்திரங்களில் எல்லாம் இருக்கிற வாசகம். வாழை தோட்டத்துக்கும் மூன்று சென்ட் மனைக்கும் எழுதுகிற வாசகம். அதைத்தான் இங்கே ஒரு பெண்ணுக்கும் அவள் வயிற்றில் இன்னும் தங்காத பிள்ளைக்கும் எழுதியிருந்தார்கள். பதற்றமில்லாமல், சாட்சி வைத்து, தேதி போட்டு. கொடூரம் என்றால் சவுக்கும் சங்கிலியும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இப்படி ஒரு அலுவலகத்தில் மசி உறிஞ்சும் தாளோடு நடந்த வேலையாக அதைப் பார்க்க முடிந்தது அவர் பக்கத்தில் நின்றதால்தான். எழுதிய குமாஸ்தா மாலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியிருப்பான். அவன் வீட்டையும் யாராவது அருங்காட்சியகம் ஆக்கினால் நல்ல மனிதனாகத்தான் தெரிவான்.

பிறகு அவர் முந்தைய நாள் விட்ட இடத்துக்குத் தானாகவே வந்தார். "நேற்று அந்த வீட்டில் நமக்குக் காட்டியது கிரயப் பத்திரம், மாப்பிள்ளை. அதில் தப்பு ஒன்றும் இருக்காது. வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்காமல் யாராவது வீடு வாங்குவார்களா?" டேவிஸ் நல்லவரா என்ற கேள்வியை அதற்குப் பிறகு இருவருமே எடுக்கவில்லை. அவர் பிள்ளைகள்மேல் பாசம் வைத்தவராகவே இருக்கட்டும். அந்தப் பாசம் எந்தச் சொத்தின் மேல் உட்கார்ந்திருந்தது என்று கேட்பதுதான் கேள்வி. அதற்கான பதில் அந்த வீட்டில் தேடினால் கிடைக்காது.

தரை இறங்குகிறது

அதே அமைப்பு 2018 ஏப்ரலில் திறந்த நினைவிடம் ஊரைப் பார்த்த ஒரு மேட்டில் இருக்கிறது. 1877க்கும் 1950க்கும் இடையில் கும்பல்களால் கொல்லப்பட்ட 4,400க்கும் மேற்பட்ட கறுப்பர்களுக்கானது. 800க்கும் அதிகமான துரு நிற எஃகுத் தூண்கள். ஒவ்வொரு தூணும் ஒரு கவுண்டிக்கு, நம் கணக்கில் ஒரு மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள், தேதிகள். பெயர் தெரியாத இடத்தில் தெரியாதவர் என்றே வெட்டியிருக்கிறார்கள். நுழையும்போது தூண்கள் நம் கண் மட்டத்தில் நிற்கின்றன. பெயரைப் படிக்கலாம், தொடலாம். நடக்க நடக்கத் தரை சரிகிறது. தூண்கள் அதே மட்டத்தில் இருக்க, நாம் இறங்குகிறோம். ஒரு கட்டத்தில் எல்லாம் தலைக்கு மேல் தொங்குகின்றன. அண்ணாந்து பார்த்தால் அடிப்பக்கம்தான் தெரிகிறது. இந்த ஊரில் நான் பார்த்தவற்றில் பார்வையாளருக்கு விருப்பத் தேர்வு தராத இடம் இது ஒன்றுதான். எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தரையே தீர்மானித்துவிடுகிறது.

சுவரில் சிறு சிறு பலகைகள், யார் எதற்காகக் கொல்லப்பட்டார் என்று. 1940இல் அலபாமாவின் லுவேர்னில் ஜெஸ்ஸி தார்ன்டன் என்பவர் ஒரு வெள்ளைப் போலீஸ்காரரை மிஸ்டர் சேர்க்காமல் பெயர் சொன்னதற்காகக் கொல்லப்பட்டார். அந்தப் பலகையை மாமா படித்துவிட்டு நகர்ந்துவிட்டார். ஊரில் அவர் தாத்தா காலத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டியிருந்தது என்பதை அன்று இரவு ஓட்டலில் தானாகவே சொல்லத் தொடங்கினார். அது அவருடைய கதை. அவர் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

வெளியே இதே தூண்களின் இரட்டைகளை வரிசை வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். அந்தந்த கவுண்டி வந்து தன்னுடையதை எடுத்துப்போய்த் தன் ஊரில் நட வேண்டும் என்பது திட்டம். இன்னும் அங்கேயே கிடக்கின்றன. பக்கத்தில் நடந்துபோய் நம் மாநிலம், நம் கவுண்டி என்று தேடுகிறவர்களைப் பார்க்கலாம். அட்லாண்டா இருக்கிற ஃபுல்டன் கவுண்டியை நானும் தேடினேன். நான் வரி கட்டுகிற ஊர். பட்டியல் நீளம்.

2024இல் ஆற்றங்கரையில் மூன்றாவதாக ஒரு சிற்பப் பூங்கா திறந்தார்கள். அதன் முடிவில் 43 அடி உயரம், 150 அடி அகலத்தில் ஒரு சுவர். விடுதலைக்குப் பிறகு எடுத்த 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முன்னாள் அடிமைகள் முதன்முறையாகத் தங்கள் பெயரைப் பதிவு செய்தார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் உடைமையாளர் பெயரின் கீழ் அவர்களுடைய வயதும் பாலினமும் நிறமும்தான். 1870இல் அவர்கள் எழுதிக்கொடுத்த 1,22,000 குடும்பப் பெயர்கள் அந்தச் சுவரில் இருக்கின்றன. மாமா இங்கேதான் அதிக நேரம் நின்றார். புகைப்படம் எடுக்கச் சொன்னார்; முகத்தைவிட எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்றார்.

கிளம்புவதற்கு முன் ஒரு தெருவையும் காட்டினேன். ரோசா பார்க்ஸுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே வளர்ந்த தெரு. அவர் வளர்ந்தபோதும், பஸ் ஒதுக்கலை நீதிமன்றத்தில் உடைத்தபோதும், அதன் பெயர் ஜெஃப் டேவிஸ் அவென்யூ. 2021இல் நகரம் அதற்கு ஃப்ரெட் கிரேயின் பெயரை வைத்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் பழமையான நினைவுச் சின்னங்களை மாற்றக் கூடாது என்று 2017இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டிருந்ததால், 25,000 டாலர் அபராதம் கட்டச் சொல்லி மாநில அட்டார்னி ஜெனரல் நகரத்துக்குக் கடிதம் அனுப்பினார். இதைக் கேட்டதும் மாமாவுக்கு வந்த சந்தேகம் எனக்கு வந்திருக்காது. பெயர் மாற்றிய தெருவில் இருக்கிற வீடுகளின் பழைய பத்திரங்களை என்ன செய்வார்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "என்ன செய்வார்கள், அப்படியே விட்டுவிடுவார்கள். பழைய பத்திரத்தில் கை வைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. அடுத்த கிரயத்தில் புதுப் பெயரை எழுதி, முன்பு ஜெஃப் டேவிஸ் அவென்யூ என்று வழங்கியது என ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியைச் சோம்பேறிக் குமாஸ்தாக்கள் விட்டுவிடுவார்கள். நான் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்றார்.